ஆனிக் கடைசியில் ஒரு வாடகை வீடு

நேற்று என் மாடி வீட்டுக்கு ஆள் குடி வந்தது. கங்கைகொண்டானில் கம்பெனி வேலை பார்க்கிறவனும் அவன் புதுப் பெண்டாட்டியும். "ஆடி மாசத்துல குடி வாறீங்களே தம்பி" என்றேன். "ஆடியிலதானே அண்ணாச்சி வாடகையைக் குறைச்சுக் கேக்க முடியும்" என்றான். அதற்குள் அந்தப் பெண் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்ச ஆரம்பித்துவிட்டாள். பால் பொங்கும் வாசனை மாடிப்படி இறங்கி வந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு உடனே கருவாட்டு வாசனை அடித்தது.

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று பாளையங்கோட்டைக்கு வெளியே வீடு வாடகைக்கு விடுகிற ஆள் என்றால் அதற்குக் கருவாடுதான் காரணம். அப்போது ஒரு கருவாட்டு மண்டியில் சரக்குப் பிரிக்கிற வேலை. நெத்திலி எது, சாளை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என்னை மிஞ்ச அன்றும் ஆள் இல்லை, இன்றும் இல்லை. படுக்கையும் மூட்டைகளின் மேல்தான். வைகாசியில் கல்யாணம். மறுவீடு முடிந்ததும் சாத்தான்குளத்து மாமனார் மகளைத் தன் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். "மூட்டைக்கு நடுவுல என் பிள்ளை எப்படிப் படுப்பா மாப்ள? கதவு வச்ச வீடு ஒண்ணு பாருங்க, அனுப்புதேன்."

ஆனி முடிவதற்குள் பார்த்தாக வேண்டும். ஆடியில் யாரும் குடி போக மாட்டார்கள்.

என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகிற வீடுகள் இருக்கத்தான் செய்தன. வீட்டுக்காரர்களுக்கு மூக்கும் இருந்தது. "என்ன வேலை?" என்று கேட்க வாயெடுப்பார்கள், கேட்காமலே கதவைச் சாத்துவார்கள். தாமிரபரணியில் இறங்கிச் சீயக்காய், எலுமிச்சை, சந்தனச் சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்துக் குளித்தேன். கரையேறினால் ஒரு பூனை எனக்காக உட்கார்ந்திருந்தது. மண்டி முதலாளி சொன்னார்: "ஏலே, நீ வீடு தேடாத. மூக்கடைச்ச வீட்டுக்காரனாத் தேடு."

பெருமாள்புரத்துக்கு அந்தப் பக்கம், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் பின்கட்டு வீடு காலியாக இருந்தது. முதல் தடவை போனபோது, "ஆள் பேசியாச்சு" என்று மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் வாசலில் தொங்கிய வாடகைப் பலகையைக் கழற்றவில்லை. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஆனிக் கடைசி நாளில் மறுபடி போய் நின்றேன்.

"சார்வாள், நாளைக்கு ஆடி. இன்னைக்கு நான் வரலைன்னா, இந்தப் பலகை ஆவணி வரைக்கும் தொங்கும்."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு நாளா சளி வே. வாசமே தெரியல."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எனக்குச் சளி இல்ல, கேட்டேளா."

"அவ கெடக்கா. இன்னைக்கே பால் காய்ச்சிரும்" என்றார். வாடகையிலும் கொஞ்சம் இறங்கினார். நான் தன்னந்தனியாக அடுப்பு மூட்டிப் பாலைப் பொங்கவிட்டேன். ஊரிலுள்ள பூனையெல்லாம் சாட்சி.

அப்படியே சாத்தான்குளத்துக்குப் பஸ் ஏறி, "வீடு கிடைச்சிட்டு மாமா, பிள்ளைய அனுப்புங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். மாமனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மாப்ள, விடிஞ்சா ஆடில்லா. தலையாடிக்குப் பொண்ணு தாய் வீட்டுலதானே இருக்கணும்."

வீட்டுக்குத்தான் ஆடி ஆகாது என்று மாதம் முழுக்க ஓடியிருக்கிறேன். பெண்டாட்டிக்கும் அதே ஆடி என்பது தலையில் ஏறவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள்தான். மறுநாள் ஆடி விருந்தை மூக்குமுட்டத் தின்றுவிட்டு, தனியாகத் திரும்பினேன்.

ஆவணி முதல் நாள் வந்தாள். வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் குடியிருந்திருக்கீய" என்றாள்.

அந்தப் பின்கட்டைப் பிறகு கருவாட்டு வியாபாரத்தில் சேர்த்த காசில் நானே விலைக்கு வாங்கி இடித்துக் கட்டினேன். மாடியில் இப்போது புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆடி என்ற நினைப்பே இல்லாமல் கட்டிலை எங்கே போடுவது என்று சண்டை பிடிக்கிறார்கள். நல்லதுதான், எனக்கும் வாடகை வருகிறது. ஆனால் அவர்களுக்கு அந்த மாதிரி ஒரு ஆவணி முதல் நாள் வரப்போவதில்லை.