ஜும்ஆ நேரத்துப் படங்கள்

செவ்வாய்க்கிழமை காலை. ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருக்களைக் கம்ப்யூட்டரில் துடைத்துக்கொண்டிருந்தேன். பன்விலவிலிருந்து, என்னிடம் வேலை செய்த ராணியின் தம்பி அழைத்தான். "நானா, அக்கா போயிட்டாங்க" என்றான். மூன்று நாள் காய்ச்சல். பேராதனை ஆஸ்பத்திரியில் விடியற்காலை எல்லாம் முடிந்துவிட்டது. அவனே தொடர்ந்தான். "பேனருக்கு ஒரு படம் வேணும் நானா, உங்ககிட்டதான் இருக்கு. அந்த வெள்ளைய மட்டும் எடுத்து விட்டுடுங்க. வாரவங்க எல்லாம் பாப்பாங்க."

வெள்ளை என்று அவன் சொன்னது ராணியின் முகத்திலிருந்த வெண்படையை. கட்டுகஸ்தோட்டையில் என் ஸ்டூடியோவுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க வந்தவர்கள் அவளை மறந்திருக்க மாட்டீர்கள். "நாடியக் கொஞ்சம் எறக்குங்க, மூச்ச விடுங்க, அவ்வளவுதான்" என்று பேசிப் பேசியே உங்கள் பயத்தைத் தெளிய வைத்தவள் அவள்தான். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. 'நானா' என்று அண்ணனாக என்னை அழைத்தவளை ஒன்பது வருடம் 'என்ன புள்ள' என்று கூப்பிட்ட வாய்க்கு அது வரவில்லை, மன்னியுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில் கடை ஷட்டரை இறக்கிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போவேன். உள்ளே அவள் மட்டும் இருப்பாள். ஒருநாள் சற்று முந்தி வந்து ஷட்டரைத் தூக்கினால், கேமராவை ஸ்டாண்டில் வைத்து, டைமரைப் போட்டுவிட்டு அதன் முன்னால் நிற்கிறாள். அடையாள அட்டைப் படத்துக்கான நீலத் திரையைக் கழற்றித் தலையோடு போர்த்தியிருந்தாள். வெண்படையின் ஓரம் முழுக்கக் கண்மையால் கோடு. "என்ன புள்ள இந்தக் கூத்து?" என்றேன். "அடுத்தவங்க பாக்குறதுக்கு முந்தி நான் பாத்துடணும் நானா" என்றாள். அன்றிலிருந்து ஷட்டரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். "வாங்க நானா" என்று குரல் வந்த பிறகுதான் தூக்குவேன்.

வாரத்துக்கு ஒரு படம். ஒன்றில் முகம் முழுக்கக் கோதுமை மா பூசி வெள்ளையாக்கியிருப்பாள். காது மட்டும் தன் நிறத்தில் இருக்கும். இன்னொன்றில் கண்ணாடியை மூக்கோடு சேர்த்துப் பிடித்து, முகத்தின் ஒரு பாதியையே இரண்டாக்கியிருப்பாள். ஏதோ பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். ஒருமுறை எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரு படத்தில்கூட அவள் இரக்கம் கேட்கவில்லை.

பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ஒரு கண்காட்சிக்கு அவளிடம் படம் கேட்டார்கள். பூச்சு எதுவுமில்லாமல் நேராகப் பார்க்கும் படமொன்றைத் தந்தாள். பெரிதாக அச்சிடுவது என் வேலை. இருபது வருடமாக முகம் துடைத்துப் பழகிய கை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பிள்ளை அழகாக இருக்கட்டும் என்று வெள்ளையை முழுவதும் எடுத்துவிட்டேன். அச்சானதை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தப் புள்ள யாரு நானா?" என்று கேட்டாள். மறுபடி அச்சிட நேரமில்லை; அதை அனுப்பவும் அவள் விடவில்லை. கண்காட்சிச் சுவரில் அவள் பெயருக்கு மேலே ஆணி மட்டும் இருந்தது.

அவள் ஏசவில்லை. அடுத்த வாரம் என்னைக் கேமரா முன்னால் உட்கார வைத்து, "பத்து செக்கன் சும்மா இருங்க" என்றாள். திரையில் படம் வந்ததும், கண்ணுக்குக் கீழே தொங்கிய தோலைத் துடைக்க என் கை தன்னாலே போனது. மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "தொடாதீங்க நானா. பாருங்க, போதும்."

தம்பி அழைத்த செவ்வாயன்று, கண்காட்சிக்கு அவள் தந்த அந்த மூலப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். துடைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். செத்த வீட்டார் கேட்பதை எப்படி மறுப்பது? ஆனாலும் தொடவில்லை. பேனர் அடிப்பதற்கு முன் காட்டுவதற்கு ஒரு பிரதி எடுத்து, நானே பன்விலவுக்குக் கொண்டுபோனேன்.

தம்பியின் முகம் சுருங்கியது. "சொன்னேனே நானா" என்றான். மூலையிலிருந்த அவர்களுடைய அம்மா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். உதட்டோரத்து வெள்ளையை விரலால் தடவினார். "இவ்வளவு தூரம் வந்திருச்சா? வீட்டுல எந்நேரமும் துப்பட்டாவப் போட்டு மூடிக்குவா. கிட்ட வந்து பாக்க விடவே மாட்டா" என்றார். தம்பி படத்தை வாங்கக் கையை நீட்டினான்.

"இருடா. நான் இன்னும் பாத்து முடியல."

அந்தப் படம்தான் பேனரில் வந்தது, ஒரு புள்ளிகூடக் குறையாமல்.

அவளுடைய வெள்ளிக்கிழமைப் படங்கள் எல்லாவற்றையும் அம்மாவிடம் சேர்த்துவிட்டேன். என்னிடம் இருப்பது அவள் என்னை உட்கார வைத்து எடுத்த என் படம், தொங்கிய தோலோடு. ஒரு பழக்கமும் மிச்சம் இருக்கிறது. போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து, ஷட்டரில் இரண்டு தட்டுத் தட்டினேன். உள்ளே ஆளில்லை என்று தெரியும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் தூக்கினேன்.