சர்க்கஸ்காரிக்குப் போட்ட மாலை

சர்க்கஸ்காரரைப் படம் கீறுகிறேன் என்று சொன்னால், எங்கள் ஆட்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். ஆட்டம் முடிந்து களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் சர்க்கஸ்காரரை அமெரிக்க ஓவியர்கள் சிலர் உள்ளது உள்ளபடி வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் எனக்குப் பைத்தியம். "ஒரு டொக்டரைக் கீறியிருக்கலாமே தம்பி" என்றார் நாங்கள் குடியேறியிருக்கும் நோபல் பார்க் என்ற புறநகரில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவராக இருக்கும் அங்கிள். அவருடைய மருமகன் டொக்டர். வேறென்ன சொல்வார்!

நான் கீறியது எங்கள் தெருவிலிருக்கும் ஒரு வெள்ளைக்காரக் கிழவியை. சர்க்கஸில் அந்தரத்தில் ஊஞ்சலாடியவர். ஒருநாள் பிடி தவறி விழுந்தார். இடுப்பும் போனது, தொழிலும் போனது. சனத்துக்கு முன்னால் இன்னொரு தடவை நிற்கவேண்டும், படமாகவாவது நின்றால் போதும் என்று சொல்லித்தான் எனக்கு முன்னால் உட்கார்ந்தார். சுருக்கம், தழும்பு, மினுங்கும் பழைய சட்டை, ஒன்றையும் நான் மறைக்கவில்லை. "அந்தக் காலத்தில பெரிய ஆட்டக்காரி அங்கிள்" என்று கெஞ்சி, படத்தைச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் வைக்கச் சம்மதம் வாங்கினேன். கிழவியையும் அழைத்தேன்.

விழாவன்று படத்தை மண்டபத்தில் கொடுத்துவிட்டு, கார் நிறுத்த இடம் தேடி அலைந்து திரும்பி வந்தால், ஐயோ! படத்துக்கு மல்லிகை மாலை. முன்னால் குத்துவிளக்கு. சட்டம் போட்டு ஒரு முகத்தைப் பெரிதாக மாட்டினால் எங்களுக்கு அது ஒன்று சாமி, இல்லாவிட்டால் செத்தவர். இவர் சாமி இல்லை என்பது சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் எழும்பி நிண்டு அஞ்சலி செலுத்துவம்" என்று அங்கிள் மைக்கில் சொன்னார். ஆர், எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கேள்வி கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை. மண்டபம் முழுக்க எழும்பித் தலை குனிந்தது. அந்த நேரம் பார்த்துக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு செத்தவர் உள்ளே வந்தார்.

"முருகா!" என்று ஒரு அன்ரி கதிரையில் விழுந்தார். பக்கத்திலிருந்தவர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "அச்சொட்டாக் கீறியிருக்கிறான்" என்றார். எங்கள் ஆட்களிடம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அதைக் கேட்டுச் சந்தோஷப்படவும் முடியவில்லை. ஆசைப்பட்டு வந்த மனுசியைப் பிணமாக்கி வைத்திருக்கிறோமே என்று வெட்கத்தில் செத்தேன்.

அங்கிள் ஓடிப்போய் மாலையைக் கழற்றினார். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கிழவி கேட்டார். இது இறந்தவர்களின் படத்துக்குப் போடுவது, அவர்களுக்குச் செய்வதுபோலத்தான் ஒரு நிமிடம் எழுந்து நின்றோம், மன்னிக்கவேண்டும் என்று அங்கிள் ஆங்கிலத்தில் உண்மையைக் கொட்டிவிட்டார்.

கிழவி சிரிக்கவில்லை. "நான் விழுந்த அன்று கோமாளியை அனுப்பிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்கள். எனக்காக ஒருவரும் எழுந்து நிற்கவில்லை" என்றார். பிறகு அங்கிளின் கையிலிருந்த மாலையை வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்று சனத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லையே?"