ஜெர்மன் மொழியில் ஒரு பொய்

2006 வாக்கில் நடந்தது இது. கல்யாணமாகிப் பெருமாநல்லூருக்கு வந்த புதிது. கோவையில் இரண்டு வருடம் ஜெர்மன் படித்திருந்தேன். அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கூப்பிட்டார்கள். அவர்களிடம் சரக்கு வாங்குவது ஜெர்மன்காரர்கள். அவர்கள் பார்க்க வரும்போது தொழிலாளர்களின் பிள்ளைகள் நாலு வார்த்தை ஜெர்மனில் பேசினால் நன்றாக இருக்கும் என்று மேனேஜர் நினைத்தார். சனிக்கிழமை மதியம், கேன்டீனுக்கு மேலே இருந்த ஹாலில் வகுப்பு.

பன்னிரண்டு பிள்ளைகள். அதில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி கற்பூரம். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஜெர்மனில் சூரியன் பெண்பால், நிலா ஆண்பால் என்றதும் மற்றவர்கள் சிரித்தார்கள். சிறுமி என்ற சொல் மட்டும் ஆணுமில்லை பெண்ணுமில்லை, 'அது' என்றேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைய எப்படி டீச்சர் அதுன்னு சொல்லுதாவ?" என்று சண்டைக்கு வந்தாள்.

சரக்கு வாங்கும் கம்பெனியிலிருந்து ஜெர்மன் அம்மா ஒருவர் பார்க்க வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது மேனேஜர் ஒரு தாள் கொடுத்தார். பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஐந்து வாக்கியங்கள். நான்காவது, 'இங்கே குழந்தைகள் யாரும் வேலை செய்வதில்லை.' இல்லை என்று சொல்ல 'கைன்' சேர்க்க வேண்டும், வேலை செய்கிறாள் என்பதற்கு 'ஆர்பைட்டெட்' என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இலக்கணப் பாடத்துக்கு நல்ல உதாரணம் கிடைத்தது என்றுகூட நினைத்தேன்.

அந்தப் பெண் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். தன் அக்கா கீழே, தைத்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர் நூலை வெட்டுகிறாள் என்றாள். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அவளைப் போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்களாம். வெளியாட்கள் வரும் நாளில் அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராக மேனேஜரிடம் போய் அந்த வாக்கியத்தை எடுக்கச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க டீச்சர், அந்தப் புள்ள வேலைக்கு வரலீன்னா அவங்க ஊட்டுல அடுப்பு எரியுமுங்களா? பாஷை சொல்லிக்குடுக்க வந்தீங்க, அதை மட்டும் பாருங்க" என்றார். அந்த மரியாதைதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் திரும்பி மாடியேறிப் போய், அதே வாக்கியத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அந்த அம்மா வந்தார். பிள்ளைகள் கோரஸாக ஒப்பித்தார்கள். எல்லோருக்கும் கைகொடுத்துக்கொண்டே வந்தவர், அந்தப் பெண்ணின் முன்னால் குனிந்து பெயர் கேட்டார். சொன்னாள். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு அக்கா என்றாள், சுத்தமான உச்சரிப்பில். அக்கா என்ன செய்கிறாள் என்று அடுத்த கேள்வி வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். மேனேஜரும் என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "பள்ளிக்கூடம் போகிறாள்" என்று ஜெர்மனில் சொன்னேன். அந்த அம்மா சிரித்து, என் ஜெர்மனைப் பாராட்டி, முகவரி அட்டையும் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் போனபின் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "நீங்க சொன்னது தப்பு டீச்சர். அக்காவுக்கு ஆர்பைட்டெட்னுதான் வரணும்" என்றாள். ஒரு சாதாரண இலக்கணப் பிழையைத் திருத்துவது போலத்தான் சொன்னாள்.

திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் போய் நின்றேன். அந்த வாரத்துக்குள் அக்கா பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும், இல்லையென்றால் ஜெர்மனில் ஒரு கடிதம் போகும் என்றேன்.

"மெரட்டறீங்களா டீச்சர்?"

"ஆமாங்க."

அத்தோடு அந்த வேலையையும் விட்டேன். அக்காவைக் கம்பெனி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுநாளே அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினார். "உங்க கோவத்துக்கு எம் பொழப்புதான் கெடச்சுதா?" என்று கேட்டார். பள்ளியில் மதியச் சாப்பாடும் புத்தகமும் இலவசம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். இரண்டு நாள் கழித்து அவரே மகளைக் கூட்டிக்கொண்டு அரசுப் பள்ளிக்கு வந்தார். ஏழாம் வகுப்பில் சேர்த்தோம்.

மற்ற நாலு பெண்கள்? அவர்களுக்காக நான் கேட்கவில்லை. அவர்கள் பெயர்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் கடிதத்தையும் எழுதவே இல்லை. மேனேஜர் மேல் இருந்த கோபம் வருடங்களில் எப்போதோ ஆறிவிட்டது. என் மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை, அது ஆறிவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.