துண்டுக்குள் தடித்த விரல்கள்

தேனிச் சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். தரகன் கையும் வாங்குபவர் கையும் துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தே விலை முடியும். நான் தரகன். என் விரல் பொய் சொல்லாது என்று எனக்கு ஏகப்பட்ட திமிர்.

நாற்பதுக்கு மேல் கையும் காலும் பெருக்க ஆரம்பித்தன. செருப்பு மாற்றி மாளவில்லை. தாடையும் முன்னுக்கு வந்தது. "நல்ல சாப்பாடு, ஆளு தேறிட்டாக" என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

ஒருநாள் மாடு வாங்க வந்த தேவாரம் ஊர் விவசாயி ஒருவருக்கு இரண்டு விரல் கொடுத்தேன். அவர் துண்டை உதறி எழுந்தார்.

"மூணு விரலக் குடுக்கிறீரே, இது அடுக்குமாய்யா?"

கையை வெளியே எடுத்துக் காட்டினேன். இரண்டுதான், தடிப்பில் அவருக்கு மூன்றாகப் பட்டிருக்கிறது. சந்தையே சிரித்தது. ஆத்திரம் பொத்துக்கொண்டு வர, விறுவிறுவென்று நடந்தவன் பக்கத்தில் நின்ற காளைமேல் மோதிக்கொண்டேன். அது நின்றதே எனக்குத் தெரியவில்லை. நேரே தெரிந்தது, இரண்டு பக்கமும் மறைந்திருந்தது. அன்றுதான் பயந்தேன். கண் போன தரகனை யார் கூப்பிடுவார்?

பெரியகுளத்து டாக்டர் மதராசுக்கு அனுப்பினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு சுரப்பி ஒன்று இருக்கிறதாம், அதில் கட்டி. அதுதான் உடம்பை வளர்க்கிறது, கண் நரம்பையும் அழுத்துகிறது என்றார்கள். மண்டையைத் திறக்காமல், நெற்றிப்பொட்டு வழியாக எக்ஸ்ரே கதிரைச் செலுத்தும் புது வைத்தியம் செய்தார்கள். கண் திரும்புமா என்றதற்கு, "பார்ப்போம்" என்றார்கள். வலி துளியும் இல்லை. காதோரம் முடி மட்டும் கொட்டியது.

ஊர் திரும்பியதும், எப்போதும் என் பின்னால் வரும் பெண்டாட்டி முன்னால் நடக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் வந்தால்தான் எனக்குத் தெரியாதே. "ஆத்தா இழுத்துட்டுப் போறா, மாடு பின்னால போகுது" என்று தெருவே கேலி செய்தது. எனக்கென்னவோ அது பிடித்துத்தான் இருந்தது.

சில மாதங்களில் தலைவலி விட்டது. விரல் மட்டும் இளைக்கவில்லை. சந்தையில் என் கையைப் பிடிப்பவர்கள் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலைக்கு வந்தார்கள். தடவட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை, வழியில் முள் எடுக்க அவள் நின்றுவிட்டாள். நான் நேரே பார்த்தபடி நடந்தேன். கொஞ்ச தூரத்தில் இடது ஓரமாக வெள்ளையாக ஏதோ ஆடியது.

"தலையில பூவு நழுவுது, பாரு" என்றேன், திரும்பாமலே.

அவள் அப்படியே நின்றாள். "நா இங்கன வர்றது ஒங்களுக்குத் தெரியுதா?"

"தெரியுது."

நடுரோட்டில் நின்று அழுதாள். அப்புறம் அவள் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. சந்தை வரைக்கும் என் பக்கத்திலேயே நடந்து வந்தாள்.