குலுக்காமல் எடுத்த பெப்பர்மின்ட் எண்ணெய்

செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பி அறையில் இருபத்திரண்டு வருடம் டெக்னீஷியனாக இருந்தேன். எங்கள் தொழிலில் நுரைதான் எதிரி. குடலுக்குள் நுரை இருந்தால் கேமராவில் ஒன்றும் தெரியாது. அதனால் எந்தப் பாட்டிலையும் நான் குலுக்கமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

அன்று கேளம்பாக்கத்து ஷேர் ஆட்டோ டிரைவர் ஏகாம்பரத்துக்குக் கொலோனோஸ்கோப்பி. பல மாதமாக மலத்தில் ரத்தம். உள்ளே ஒரு பாலிப், அதாவது குடல் சுவரில் முளைத்த சதைக்கட்டி, தெரிந்தது. ஆனால் குடல் நெளிந்துகொண்டே இருந்தது. டாக்டரம்மா அதை அறுத்தெடுக்கும் கம்பி வளையத்தை மாட்டப் போனால், பாலிப் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். வழக்கமாகக் குடலை அடக்க ஊசி போடுவோம். இவருக்குக் கண்ணில் பிரஷர் என்பதால் அதைப் போடமுடியாது.

“பெப்பர்மின்ட் எண்ணெய் அடிக்கலாம், அதுக்கும் குடல் அடங்கும்” என்றார் டாக்டரம்மா.

பார்மசியில் தண்ணீரோடு கலந்து அனுப்பியிருந்தார்கள். ‘நன்கு குலுக்கவும்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. அதெல்லாம் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு என்று நினைத்துக்கொண்டு, ஒரு குமிழிகூட இல்லாமல் அடியிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடுத்தேன். மூன்று முறை அடித்தும் குடல் அடங்கவில்லை.

“இது வேலைக்கு ஆகாது. இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்றார் டாக்டரம்மா.

அரைத்தூக்கத்தில் இருந்த ஏகாம்பரம் முனகினார். “இன்னிக்கே எட்த்துடு மேடம். அந்தப் பேதித் தண்ணிய இன்னொரு தபா குடிக்க என்னால ஆவாது. சத்தியமா திரும்பி வரமாட்டேன்.”

நிஜமாகவே வரமாட்டார் என்று தோன்றியது. அப்போதுதான் உறைத்தது. அறையில் புதினா வாசனையே இல்லை. பாட்டிலைப் பார்த்தேன். எண்ணெய் முழுக்க மேலே மிதந்துகொண்டிருந்தது. நான் கொடுத்தது வெறும் தண்ணீர்.

“மேடம்... தப்பு என்னுது. பாட்டில நான் குலுக்கல.”

நர்ஸ்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குலுக்குங்க சார், குலுக்குங்க!”

குலுக்கினேன். கிளம்பிய நுரையைச் சொட்டு மருந்து விட்டு அடக்கினேன். இரண்டு சிரிஞ்ச் உள்ளே போனதும் குடல் சொன்ன பேச்சு கேட்டது. பாலிப் வளையத்தில் மாட்டியது; டாக்டரம்மா அறுத்தெடுத்தார். அறையெங்கும் புதினா வாசனை.

“யாருய்யா அது, இங்க பல்லு வெளக்கிகினு கீறது?” என்றார் ஏகாம்பரம்.

பத்து நாளில் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. விட்டுவைத்திருந்தால் புற்றுநோயாக மாறக்கூடிய வகை. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, தப்பை ஒத்துக்கொண்டால் அரை நிமிடம் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து நான் வாயை மூடியிருந்தால், ஏகாம்பரம் பாலிப்போடு ஆட்டோ ஓட்டப் போயிருப்பார்.