மூச்சுக்கு ஒரு சாட்சி

எண்பதுகளின் நடுவில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தக்காளித் தோட்டத்து வீட்டில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வாழ்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். மூச்சிரைப்பு எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. ஈர விறகை ஊதினால் வரும், மருந்தடித்த செடிக்குள் இறங்கினால் வரும். உள்ளே போன காற்று வெளியே வர வழி தெரியாமல் முட்டும், தொண்டையில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். என் மாமியார் அதற்கு வைத்த பெயர் நடிப்பு. வேலைக்கு மட்டும் இழுக்கிறதே, சோற்றுக்கு ஏன் இழுக்கவில்லை என்று களை வெட்ட வந்தவர்களிடம் எல்லாம் கேட்பாள்.

தர்மபுரியில் எக்ஸ்ரே எடுத்தோம். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை வாசலில் நின்று வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஏதோ படித்துக் கிழித்தவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது என்று தீர்ப்பும் சொன்னார். இழுப்பு இல்லாத நாளில் எடுத்த படத்தில் இழுப்பு எங்கிருந்து தெரியும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படத்தை அப்படியே அடுப்பில் போட்டிருப்பேன்.

எங்களுக்கு மாத்திரை எழுதித் தரும் டாக்டர் கொஞ்சம் விவரமானவர். எக்ஸ்ரேயில் நுரையீரல் தெரியும், அதற்குள் காற்று எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்பது தெரியாது என்றார். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்து, அது நெஞ்சுக்குள் போகிற வழியை கேமரா வைத்துப் பார்க்கிறார்களாம். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மீதியை என் வீட்டுக்காரரிடம் பேசி, கடிதமும் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் கறாராகச் சொன்னார்: "அதுலயும் ஒண்ணுமில்லன்னு வந்துச்சுன்னா இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது. தோட்டமோ அடுப்போ, சொன்ன வேலையச் செய்யணும்."

சரி என்றேன். எனக்கு அப்போது மருந்துகூடப் பெரிதில்லை. இவள் பொய் சொல்லவில்லை என்று ஒரு இயந்திரமாவது சொன்னால் போதும்.

விடிகாலை பஸ் ஏறும்போதே எனக்கு இரைக்க ஆரம்பித்தது. இவர் டீ வாங்கி, கூடவே இரண்டு மாத்திரையையும் கையில் வைத்தார். பஸ்ஸில் நாலு பேர் பார்க்க இழுத்துக்கொண்டு வராதே, பெரிய இடத்துக்குப் போகிறோம், மானத்தை வாங்காதே என்றார். விழுங்கினேன். ஊர் போய்ச் சேருவதற்குள் மூச்சு நன்றாக இறங்கிவிட்டது.

அங்கே மூக்கில் ஒரு கவ்வியை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். வாயுவுக்கு வாசமும் இல்லை, ருசியும் இல்லை. பக்கத்துத் திரையில் புள்ளி புள்ளியாக விழுந்து இரண்டு நுரையீரலும் நிறைந்தன. ஒரு மூலை பாக்கியில்லை. இதிலும் ஒன்றுமில்லை என்றுதான் வரப்போகிறது என்று எனக்கே தெரிந்துவிட்டது.

அங்கிருந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு இவரிடம்தான் கேட்டார். என் நெஞ்சு என்னவோ இவருடையது என்பது மாதிரி.

"ரெண்டு நாளா மாத்திரைய நிறுத்திட்டுத்தானே கூட்டிட்டு வந்தீங்க? உங்க டாக்டர் சொல்லியிருப்பாரே."

"ஆமாங்க சார்," என்றார் இவர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அப்படி ஒன்று சொல்லியிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்யிங்க," என்றேன். "காலையில ரெண்டு மாத்திர இவருதான் குடுத்தாரு."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். மாத்திரை மூச்சுக்குழாயை விரித்துவிட்டால் அடைப்பு படத்தில் வராது, பரிசோதனைக்கான வாயு இனி அடுத்த வாரம்தான் வரும், வார்டில் தங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி பார்க்கலாம் என்றார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தங்குகிறேன் என்றேன். இவர் வெளியே வந்து, புருஷனைப் பொய்யனாக்கியவள் எப்படி வீட்டுக்கு வருகிறாய் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக பஸ் ஏறினார். போகட்டும் என்று விட்டேன்.

கடைசி இரண்டு நாள் மாத்திரையில்லாமல் கட்டில் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். பரிசோதனையன்று திரையில் என் நுரையீரல் எலி கடித்த துணி மாதிரி இருந்தது. அங்கங்கே ஓட்டை. காற்று போகாத இடம் அதெல்லாம் என்று டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். நான் அழுதேன், சந்தோஷத்தில்தான். நோய் இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன்.

படத்தை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்தேன். மாமியார் முன்னால் நீட்டினேன். இவரும் பக்கத்தில்தான் நின்றார். டாக்டர் காட்டிய மாதிரியே நானும் ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டினேன். மாமியார் குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நெசமாலுமே நோவுக்காரிதான். தெரிஞ்சே நம்ம வூட்டுல தள்ளி உட்டிருக்காங்கடா."

இவர் இந்த முறை மறுக்கவில்லை. படத்தில் இருக்கிறதே என்றார். மூன்றாம் மாதம் இவருக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்தார்கள்.