நான் மூடிய பின்னக் கேள்வி

தமிழில் கணக்குக் கேள்விகள் கேட்பதற்கென்று இருக்கும் ஓர் இணைய மன்றத்தில், வருகிற கேள்விகளில் எது இருக்கலாம், எது கூடாது என்று பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. சம்பளம் கிடையாது. எம்.எஸ்சி. முடித்துவிட்டு வில்லாபுரத்தில் குழந்தையோடு வீட்டில் இருக்கும் எனக்கு, படித்தது மறக்காமல் இருக்க அது ஒரு வழி. என்னைச் சேர்த்துவிட்டவள், அங்கே இதே வேலையைப் பார்க்கும், கூடப் படித்த தோழி. பசுமலையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள்.

ஒரு மத்தியானம், மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மாவிடமிருந்து இந்தக் கேள்வி வந்தது.

"என் பிள்ளை மூன்றில் ஒன்றைவிட நாலில் ஒன்றுதான் பெரியது என்கிறாள். சொல்லிப் பார்த்தேன், அடித்தும் பார்த்தேன். இவளுக்குக் கணக்கே வராதோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?"

பிள்ளை வளர்ப்பு யோசனைகளுக்கு மன்றத்தில் இடமில்லை. அந்த விதியை எழுதியவர்களில் நானும் உண்டு. யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியை மூடிவிட்டேன். மூடிய பிறகு மனசு கேட்கவில்லை. என் மகள் இன்னும் பள்ளிக்கே போகவில்லை. அதற்குள் அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது. அந்த அம்மா இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாளா? ஆனால் இரக்கப்பட்டுத் திறந்தால் நாளைக்கு எதை மூடுவது? தோழிக்குப் போன் செய்தேன்.

"பாத்தேன், பாத்தேன். நீ என்ன டோல்கேட்டா, வர்ற வண்டியை எல்லாம் நிப்பாட்ட?"

"விதி இருக்குல்லடி."

"இருக்கு. நான் இல்லைங்கல. நாலுல ஒண்ணுதான் பெருசுங்குதே பிள்ளை, அது கணக்கா இல்லையா?"

"கணக்குதான்."

"அப்ப அதை விட்டுட்டு, அழுகுற வரியை மட்டும் எதுக்குப் படிச்ச? வை, கிளாஸுக்குப் போறேன்."

மாலையில் பார்த்தேன். கேள்வியில் ஓர் எழுத்தைக்கூடத் தோழி தானாக வெட்டவில்லை. கேட்டவருக்கே எழுதியிருந்தாள்: "உங்கள் பிள்ளை ஏன் அப்படி நினைக்கிறாள் என்பது நல்ல கணக்குக் கேள்வி. அவளிடமே காரணம் கேட்டு, அவள் சொன்னபடி எழுதுங்கள், திறந்துவிடுகிறோம். பயத்தைப் பற்றி எனக்குத் தனியாக எழுதுங்கள்."

விதியையும் அவள் தளர்த்தவில்லை, அந்த அம்மாவையும் கைவிடவில்லை. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்று நான் நினைத்திருந்தேன்.

சில நாள் பதிலே இல்லை. மகளுக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் போனைத் திறந்து பார்த்தேன். என்னால்தான் போய்விட்டாள் என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம் வந்தது.

"ஏன் என்று கேட்டேன். மூன்றைவிட நாலு பெரியதுதானே என்றாள். இதுவரை அவளிடம் நான் காரணமே கேட்டதில்லை. தோசையைப் பிய்த்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டாள். பிறகு ஐந்தில் இரண்டா, ஏழில் மூன்றா என்றேன். ஏழில் மூன்றுதான், மேலேயும் பெரிய எண், கீழேயும் பெரிய எண் என்றாள். போட்டுப் பார்த்தால் விடை சரியாக இருக்கிறது. இந்த வழி எப்போதும் சரியாக வருமா?"

தோழி அதை இன்னும் பார்த்திருக்கவில்லை. யாரையும் கேட்காமல் திறந்துவிட்டேன். ஒரு தாளை எடுத்து ஏழுக்குப் பதில் எட்டைப் போட்டேன். எட்டில் மூன்று, ஐந்தில் இரண்டைவிடச் சின்னது. பிள்ளையின் வழி அங்கேயே தவறிவிட்டது. எந்த இடத்திலிருந்து தவறுகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.